22 ஆண்டுகள் வனைந்த கைக்குக் கற்பிக்கத் தெரியவில்லை

கேள்வி கேட்டவர்: ஈரமண்

அனைவருக்கும் வணக்கம். நான் 22 ஆண்டுகளாகச் சக்கரத்தில் வனைந்து வருகிறேன். பெரும்பாலும் ஸ்டோன்வேர்தான், அதாவது மிகுந்த சூட்டில் கல்போல் இறுகும் மட்பாண்டம்: குவளைகள், கிண்ணங்கள், மூடியிட்ட சாடிகள், அவ்வப்போது தேநீர்க் கூசாக்கள். இத்தனை ஆண்டுகளும் தனியாகவே வேலை செய்து பழகிவிட்டேன். இரண்டு மாதங்களுக்கு முன்புதான், தெரிந்தவர்கள் வற்புறுத்தியதால், வாரம் ஒருநாள் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டேன். அதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் தடுமாற்றத்தைப் பற்றித்தான் இங்கே கேட்க வந்திருக்கிறேன்.

முதல் வகுப்பில், மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிலைநிறுத்துவது எப்படி என்று காட்டினேன். எனக்கு அது பத்து விநாடி வேலை. உருண்டையைத் தட்டில் அறைந்து வைத்தேன், நீர் தெளித்தேன், கைகளை வைத்தேன், மண் அடங்கிவிட்டது. இப்போது நீங்கள் செய்யுங்கள் என்றேன். மூவருடைய மண்ணும் அச்சு கழன்ற வண்டிச்சக்கரம்போல் ஆடியது. "நீங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டார். "மண்ணை உணர்ந்து பாருங்கள்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது வெறும் பேச்சு என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் பொறுமை இழந்து, ஒரு பெண்மணியின் கைகளை விலக்கிவிட்டு, அவருடைய மண்ணை நானே நடுப்படுத்தி, நடுவில் குழித்துத் திறந்து, சுவரையும் பாதி உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். நல்ல உருளையாகத்தான் வந்தது. அவர் நன்றி சொன்னார். ஆனால் அதன்பிறகு அன்று முழுவதும் அவர் அதைத் தொடவேயில்லை. சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஈரப் பஞ்சால் தட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. கைக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாக மாற்றுவதற்கு நீங்கள் என்ன வழி கண்டீர்கள்? அடுத்தது, சற்றுக் கூச்சத்தோடுதான் கேட்கிறேன்: கற்பிப்பதால் சொந்த வேலை கெடுமா? வகுப்பு நடந்த மறுநாள் சக்கரத்தில் உட்கார்ந்தால், என் கைகளை நானே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். இடது கட்டைவிரல் இப்போது எங்கே இருக்கிறது என்று யோசித்த அந்தக் கணத்திலேயே சுவர் தள்ளாடிவிடுகிறது. 22 ஆண்டுகளில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

பதில்: சூளையடி

ஈரமண் அவர்களுக்கு வணக்கம். நான் 40 ஆண்டுகளுக்கு மேலாக வனைகிறேன்; அதில் 34 ஆண்டுகள் கற்பித்துக்கொண்டும் இருக்கிறேன். அந்தப் பெண்மணியின் கைகளை நீங்கள் விலக்கிய இடத்தில் எங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் நின்றிருக்கிறோம். நான் முதல் இரண்டு ஆண்டுகள் அதை மட்டுமே செய்தேன். என் மாணவர்கள் மிக நேர்த்தியான பானைகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். ஒருவருக்கும் வனையத் தெரியவில்லை. பிறகுதான், வகுப்புக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளிலும் எதையாவது பிடித்துக்கொள்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். ஒரு கையில் நீர்க் குவளை, மறு கையில் பஞ்சு. கைகள் நிறைந்திருந்தால் வாய்தான் வேலை செய்தாக வேண்டும்.

"உணருங்கள்" என்ற சொல்லைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். நடுப்படுத்துவதில் மாயம் எதுவும் இல்லை. மண்ணை நடுவுக்குத் தள்ள வேண்டும் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார்; அதனால் மேட்டைத் துரத்துகிறார். மேடு வரும்போது கை வெளியே விலகுகிறது, பள்ளம் வரும்போது கை உள்ளே போகிறது, ஆக மண் ஆடுகிற ஆட்டத்தைக் கையும் கூடவே ஆடுகிறது. கை ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டாலோ, சுழலும் மண் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கையில் உரசித் தன் மேட்டைத் தானே இழக்கிறது. ஆகவே முதல் நாளில் பேச வேண்டியது முழங்கையைப் பற்றி. இடது முழங்கை தொடையிலோ இடுப்பெலும்பிலோ ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஊன்றாத முழங்கையோடு எவராலும் நடுப்படுத்த முடியாது, நம்மாலும் முடியாது. நாம் ஊன்றுகிறோம் என்பதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஒருநாள் வேண்டுமென்றே முழங்கையைத் தூக்கிக்கொண்டு முயன்று பாருங்கள், உங்கள் மாணவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

அதன்பின் கையை எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். புதியவர்கள் நன்றாக நடுப்படுத்திய மண்ணைக் கையை வெடுக்கென்று எடுப்பதாலேயே கெடுத்துவிடுகிறார்கள். பிடியைத் தளர்த்தத் தொடங்கியபின் சக்கரம் குறைந்தது இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றட்டும், அதற்குப் பிறகே கை மண்ணைவிட்டு முற்றிலும் விலக வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வதும் உதவும். கண் மேட்டைப் பார்த்தால் கை அதைத் துரத்தாமல் இருக்காது. மூவரில் எவருக்கேனும் இடக்கைப் பழக்கம் இருந்தால், சக்கரம் சுழலும் திசையை மாற்றிப் பார்க்கவும் விடுங்கள். ஐரோப்பிய மரபில் சக்கரம் இடஞ்சுழியாகவும், ஜப்பானிய மரபில் வலஞ்சுழியாகவும் சுற்றுகிறது. இரண்டிலும் நல்ல பானைகள் வந்திருக்கின்றன.

இன்னொன்று, மாணவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் விடாதீர்கள்: வனைந்த பானையை அன்றே கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். சுவர் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது, அடி எவ்வளவு கனம் என்பதெல்லாம் அந்த வெட்டு முகத்தில் தெரியும். நீங்கள் ஒருமணி நேரம் விளக்குவதை அது ஒரே பார்வையில் காட்டிவிடும். 1919ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாவ்ஹாவ்ஸ் கலைப் பள்ளியில் மட்பாண்டம் பயிலச் சேர்ந்து, பின்னாளில் கலிஃபோர்னியாவில் பாண்ட் ஃபார்ம் என்ற தம் பட்டறையில் 1980 வரை கோடை வகுப்புகள் நடத்திய மார்கரீட் வில்டன்ஹைன், தம் மாணவர்களை முடிந்த பானை எதையும் எடுத்துச் செல்ல விடவில்லை. கோடை முழுவதும் வனைவார்கள், மண் மீண்டும் தொட்டிக்கே போகும். கடுமைதான். நான் அவ்வளவு தூரம் போவதில்லை, ஒவ்வொருவரும் பருவத்துக்கு இரண்டு பானைகளை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஆனால் 500 கிராம் உருண்டைகளாகப் பத்தை எடைபோட்டு வைத்து, பத்திலும் ஒரே உயர உருளையை வனைந்து, பத்தையும் அறுத்துப் பார்க்கிறவர் மூன்றே வாரத்தில் வேறு ஆளாகிவிடுகிறார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கையை வேடிக்கை பார்ப்பதால் வரும் தடுமாற்றம் எனக்கு ஏறக்குறைய ஓராண்டு இருந்தது, பிறகு போய்விட்டது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் வந்தது. மண்ணில் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று என் ஆசிரியர் எனக்குச் சொன்னதை, நானும் என் மாணவர்களுக்கு ஆறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும், "காற்றா வெடிக்கிறது, ஈரமா வெடிக்கிறது?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஊசித்துளைகூட இல்லாமல் முற்றிலும் மூடிய வெற்றுக் கோளம் ஒன்றை வனைந்து, ஒரு மாதம் உலர வைத்து, மெதுவாகச் சுட்டோம். முழுதாக வெளிவந்தது. குமிழியே இல்லாமல் இறுகப் பிசைந்த தடித்த கட்டி ஒன்றை அரை ஈரத்தோடு வைத்தோம்; அது தூளாகிவிட்டது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிகிறது, அதற்கு வெளியேற வழியும் நேரமும் இல்லையென்றால் மண் உடைகிறது. குமிழியின் மேல் பழி போட்டதெல்லாம் தவறு. குமிழி இருக்கும் இடம் பெரும்பாலும் தடித்த இடமாகவும், தடித்த இடம் உலராத இடமாகவும் இருப்பதால் வந்த குழப்பம். அந்தப் பையன் கேட்டிராவிட்டால் நான் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

பதில்: ஓட்டுச்சில்லு

சூளையடி அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு எளிதாக ஆறுதல் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் 11 ஆண்டுகள் கற்பித்துவிட்டு நிறுத்தியவன். ஈரமண் அவர்களே, கற்பிப்பது சொந்த வேலையைக் கெடுக்கும். எப்போது கெடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நான் வேலை செய்த பயிற்சி நிலையத்தில் ஒரு வகுப்புக்கு 30 பேர். சூளை ஒன்றே ஒன்று. 30 பேருடைய பானைகளை உலர்த்தி, அடுக்கி, சுட்டு, இறக்கி, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசியவற்றின் அடியைத் துடைத்து மறுபடி அடுக்குவதற்கே வாரத்தில் மூன்று நாட்கள் போய்விடும். சூளையை 90 டிகிரி செல்சியஸ் அளவில் இரவு முழுவதும் நிறுத்தி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னால், மறுநாளே பானைகள் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். ஒருமுறை அப்படி அவசரமாக ஏற்றியதில், கைப்பிடி அளவு கனமான யானைப் பொம்மை ஒன்று முதல் சூட்டிலேயே வெடித்தது. அதன் சில்லுகள் அந்த அடுக்கிலிருந்த 19 கிண்ணங்களுக்குள்ளும் விழுந்து கிடந்தன, நான்கு கிண்ணங்களின் வாய் உடைந்துவிட்டது. அந்த நால்வருக்கும் நான்தான் பதில் சொன்னேன். புழுதி வேறு. உலர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், இல்லையென்றால் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஏழாவது ஆண்டில் என் அலமாரியைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். அதில் இருந்தவையெல்லாம் மாதிரிகள். கைப்பிடி ஒட்டுவதைக் காட்டிய குவளை, மூடி அளவெடுப்பதைக் காட்டிய சாடி, அடி சீவுவதைக் காட்டிய கிண்ணம். எல்லாமே 20 நிமிடத்துக்குள் முடியக்கூடியவை, பின்வரிசைக்கும் தெரியும்படி கோடுகள் சற்றே மிகைப்பட்டவை. எனக்கென்று ஒரு வடிவத்தை யோசித்து, பத்து நாள் அதனோடு மல்லுக்கட்டி, தோற்று, மறுபடி தொடங்கிய தடயம் எதுவும் அங்கே இல்லை.

மட்பாண்டக் கலைஞர் லூசி ரீயைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்தவர், போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான்கள் செய்து காலம் தள்ளியவர், 1960களில் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் கற்பிக்கவும் செய்தார். ஆனால் அவர் வாழ்வில் மிகச் செழித்த கற்பித்தல் எது என்றால், 1946இல் மட்பாண்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பொத்தான் வேலைக்காக வந்து சேர்ந்த ஹான்ஸ் கோப்பருக்கு, பக்கத்துச் சக்கரத்தில் இடம் கொடுத்ததுதான் என்பேன். இருவரும் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள்; கோப்பரின் பானைகள் ரீயின் பானைகளைப்போல் துளியும் இல்லை. அங்கே வகுப்பு என்று ஒன்று நடந்திருக்கவே முடியாது. வேலை நடந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் என்பதை இரண்டாக்கச் சொல்லி வருவார்கள்; மறுத்துவிடுங்கள்.

பதில்: பிந்திவந்தவள்

நான் இங்கே எழுதுவதற்குத் தகுதி உள்ளவளா என்று தெரியவில்லை. சக்கரத்தில் உட்கார்ந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன, அப்போதே எனக்கு 58 வயது. ஆனால் தட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். நான் முதலில் போன ஓரிடத்தில் ஆசிரியர் இதேபோல் என் பானையை முடித்துக் கொடுத்தார். அது சூளையிலிருந்து வந்தபோது, அதன் அடியில் என் பெயர் இருந்தது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

இப்போது நான் கற்கும் ஆசிரியைக்கு 76 வயது. பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அவருடைய தோல்விகளை அடுக்கி வைத்திருக்கும் பலகைதான்: அடியில் எஸ் வடிவத்தில் விரிசல் விட்ட தட்டுகள், கிளேஸ் வழிந்து சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்ட கிண்ணம், மூடி திறக்க வராத சாடி. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் தேதியும் காரணமும் எழுதியிருக்கும். மிகப் பழைய ஒன்றில் "அவசரம்" என்ற ஒரே சொல். போன ஆண்டுத் தேதியிட்ட ஒன்றிலும் அதே சொல் இருக்கிறது. எஸ் விரிசலைப் பற்றி அவர் எனக்கு விளக்கியதும் அந்தப் பலகையின் முன்னால்தான். மண் ஈரத்திலிருந்து முழுச் சூடு வரை பத்து முதல் பதின்மூன்று விழுக்காடு சுருங்குகிறது. சுவரை இழுக்கும்போது விரல்கள் அதை இறுக்கிவிடுகின்றன, அடியின் நடுப்பகுதியை எவரும் இறுக்குவதில்லை. அதிலும் நீர் தேங்கி நின்றிருந்தால் அது கடைசியில் உலர்ந்து கடைசியில் சுருங்கி, போக இடமில்லாமல் கிழிகிறது. ஆகவே திறந்தவுடன் அடியை நடுவிலிருந்து வெளியேயும் வெளியிலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேய்க்க வேண்டும், நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதை அவர் ஒரு நல்ல தட்டைக் காட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும்.

அவருடைய இரு கட்டைவிரல்களின் அடிமூட்டும் தேய்ந்துவிட்டன. முன்புபோல் பத்துக் கிலோ மண்ணை அவரால் அடக்க முடியாது. அதற்காக நிறுத்திவிடவில்லை, மண்ணை இன்னும் குழைவாகப் பிசைந்துகொள்கிறார், விரல் முட்டிகளுக்குப் பதில் வளைந்த மரத்துண்டால் சுவரை ஏற்றுகிறார், பெரிய சாடிகளைச் சக்கரத்தில் வனையாமல் திரித்த மண்சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுகிறார். எங்களில் ஒருவர், "இந்த வயதில் ஏன் இன்னும் வகுப்பு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, சூளையைத் திறக்கும் நாளில் தனியாக இருப்பது தமக்குப் பிடிக்காது என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பார்த்தேன்: சூளை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறக்கக்கூடாது என்று எங்களைத் திட்டுபவர், கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு நான் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்றும் உண்டு. 1893இல் பிறந்த அமெரிக்க மட்பாண்டக் கலைஞர் பீட்ரிஸ் வுட், தாம் வாங்கிய தட்டுகளுக்குப் பொருத்தமாக ஒரு தேநீர்க் கூசா செய்ய வேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். நூறு வயதைத் தாண்டியும் வேலை செய்தார்.

பதில்: சூளையடி

ஓட்டுச்சில்லு அவர்களுக்கு: 30 பேர், ஒரே சூளை, இரவில் நிறுத்திவைக்க அனுமதி இல்லை என்றால் நானும் பதினோராவது ஆண்டுவரை தாக்குப் பிடித்திருக்க மாட்டேன். முழுக்க உலராத பானையைச் சூளையில் ஏற்றச் சொல்வது, பசுமட்கலத்தில் நீர் ஊற்றி வைப்பதைவிட மோசம். அதில் நீர்தான் போகும், இதில் பக்கத்துப் பானைகளும் போகின்றன. நீங்கள் குறை சொல்வது கற்பித்தலை அல்ல, அந்த ஏற்பாட்டை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் மாதிரிகளாக நிறைந்த அலமாரியைப் பற்றி நீங்கள் எழுதியது என்னைக் குத்திவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நேற்று என் அலமாரியையும் போய்ப் பார்த்தேன். பாதிக்குப் பாதி.

ரீ, கோப்பர் இருவரைப் பற்றிச் சொன்னதோடு இன்னொருவரையும் சேர்க்க விரும்புகிறேன். ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் மைக்கேல் கார்டியூ 1952இல் நைஜீரியாவின் அபுஜாவில் (இன்றைய தலைநகர் அல்ல, இப்போது சுலேஜா எனப்படும் ஊர்) ஒரு மட்பாண்டப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1954இல் லாடி குவாலி அதில் சேர்ந்தார். தாம் சிறுவயதில் அத்தையிடம் கற்ற முறையில், சக்கரமே இல்லாமல், பானை ஓரிடத்தில் நிற்க, தாம் அதைச் சுற்றி நடந்தபடி மண்சுருள்களை ஏற்றிக் கட்டுபவர் அவர். பயிற்சி நிலையம் அவருக்குச் சக்கரத்தையும் கிளேஸையும் ஸ்டோன்வேர்ச் சூட்டையும் காட்டியது. அவரோ பழைய வடிவங்களைக் கைவிடாமல், அவற்றைப் புதிய சூட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய உருவம் இன்று நைஜீரியாவின் 20 நைரா தாளில் இருக்கிறது. அந்த நிலையத்தில் யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஈரமண் அவர்களே, உங்கள் மூவரில் ஒருவர், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கக்கூடும். தையலோ தச்சுவேலையோ எதுவாயினும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், விளக்கும்போது உங்களுக்கு உவமை கிடைக்கும்.

ஈரமண்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சூளையடி ஐயா சொன்னபடி முழங்கையைத் தூக்கிக்கொண்டு வனைந்து பார்த்தேன். 22 ஆண்டுகளுக்குப் பிறகு என் மண் என் முகத்திலேயே நீரைத் தெளித்தது. அதை மாணவர்கள் முன்பே செய்து காட்டினேன். மூவரும் சிரித்தார்கள், நானும்தான். அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர் நடுப்படுத்திவிட்டார்கள். மூன்றாமவருக்கு இருக்கை உயரமாக இருந்ததால் முழங்கை தொடையை எட்டவில்லை என்பதை அதன்பிறகுதான் கவனித்தேன். இரண்டு செங்கற்களைக் காலடியில் வைத்தோம், சரியாகிவிட்டது. ஒரு மாதமாக அவருக்கு "மண் பழக்கமாகவில்லை" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கையை நானே வேடிக்கை பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. ஆனால் அதனால் ஒன்று தெரிந்தது. கூசாவின் மூக்கை ஒட்டியபின் அதன் நுனியை நான் நேராக வெட்டுவதில்லை, சற்றுச் சாய்த்து வெட்டுகிறேன். ஏன் என்று ஒரு மாணவர் கேட்டார். சக்கரத்தில் வனையும்போது மண்ணில் ஏறும் முறுக்கு சூளையில் சிறிது அவிழ்கிறது. நேராக வெட்டிய மூக்கு சுட்டபின் கோணலாகிவிடும், கோணலாக வெட்டியது நேராகிவிடும். இதை நான் எவரிடமும் படித்ததில்லை, கெட்டுப்போன கூசாக்களிடம் கற்றிருக்கிறேன். ஆனால் அவர் கேட்கும்வரை இதை ஒரு வாக்கியமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது. "என் மண்ணுக்கு இவ்வளவு" என்று காட்டிவிட்டு, ஒரே அளவில் நான்கு மூக்குகளை வெவ்வேறு சாய்வில் வெட்டி இந்த வாரச் சூளையில் வைத்திருக்கிறேன்.

ஓட்டுச்சில்லு அவர்களுக்கு: இரண்டு நாள் வகுப்பு கேட்டு வந்தார்கள். மறுத்துவிட்டேன். வகுப்புக்காக வனையும் எதையும் அலமாரியில் வைப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். அன்றைக்கே தொட்டிக்குள் போய்விடுகிறது.

அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார், ஆனால் அடுத்த இரண்டு வாரங்கள் நான் அருகே போகும்போதெல்லாம் தம் மண்ணைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் குவளையையும் பஞ்சையும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பழகியபின்தான் மூடுவதை விட்டார். போன வாரம் ஓர் உருளையை வனைந்தார். 11 சென்டிமீட்டர் உயரம், ஒருபக்கம் சாய்ந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே கம்பியை எடுத்து அதை இரண்டாக அறுத்து, வெட்டு முகத்தை என் பக்கம் திருப்பி, சுவரும் அடியும் சேரும் உள்மூலையைக் காட்டி, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தடித்திருக்கிறது என்று கேட்டார். முதல் இழுப்பை அடியிலிருந்து தொடங்காமல் சற்று மேலேயிருந்து தொடங்கியதால் அங்கே மண் தங்கிவிட்டது என்று சொன்னேன். சரி என்றார். பிறகு, அலமாரியிலிருந்த என் சாடிகளைக் காட்டி, அவற்றிலும் அப்படி இருக்குமா என்று கேட்டார்.

அன்று இரவு, இன்னும் ஈரமாக இருந்த என் சாடி ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது ஒன்றை அறுத்தேன் என்று நினைவில்லை. உள்மூலையில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு மண் தங்கியிருந்தது. என் சாடிகள் பார்ப்பதற்கு இருப்பதைவிடக் கையில் எடுத்தால் கனமாக இருக்கின்றன என்று சிலர் சொன்னதுண்டு. அது ஸ்டோன்வேரின் இயல்பு என்று நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வாரம் முழுவதும் சாடிகளை அடியிலிருந்து மறுபடி வனைந்துகொண்டிருக்கிறேன். முதல் நான்கும் மூலையில் கிழிந்துவிட்டன. ஐந்தாவது இப்போது பலகையில் உலர்கிறது.